செபமாலைமுத்து ஊதி முடிக்காத மெட்டு

என்ரை தங்கச்சி மேரிறோஸின்ரை மனுசன் செபமாலைமுத்து மாதிரி ஒரு பிடிவாதக்காரனை நான் காணேல்லை. லண்டனிலை, லூயிஷாம் பக்கம் பஸ் ஓடினவர். எண்பத்தேழிலை, டிப்போவிலை கூட வேலைசெய்த ஸ்கொட்லாந்துக்காரன் மக்கே, தோல்பையை அமத்தி ஊதிற தங்கடை பேக்பைப் குழுவிலை வந்து பழகச் சொல்லிக் கூப்பிட்டான். அண்டையோடை இவருக்கு விசர் பிடிச்சிட்டுது.

பையோடை வீட்டிலை ஊதினால் அக்கம்பக்கம் கவுன்சிலுக்கு முறைப்பாட்டோடை போயிடும். அதாலை பழகிற சின்னக் குழலை மட்டும் குசினிக்குள்ளை இருந்து ஊதுவார். எந்த நாளும் ஒரே மெட்டு! அதுவும் பாதியிலை ஒரு இடத்திலை தடுக்கி நிண்டிடும், திரும்ப முதலிலையிருந்து தொடங்குவார். "தம்பி, வேறை ஒண்டும் வராதோ?" எண்டு அவையோடை இருந்த நான் கத்துவன். "இது சரிவரட்டும் அக்கா" எண்டு சிரிப்பார். மேரிறோஸ் கறியைக் கிண்டிக்கொண்டு கூடவே முணுமுணுப்பாள்.

தொண்ணூற்றி நாலு மாசியிலை, வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த மனிசன் அப்பிடியே சரிஞ்சு போனார்.

செத்தவீட்டுக்கு வந்த மக்கேயிட்டை, அவரின்ரை மெட்டைக் குழியடியிலை ஊதவேணும் எண்டு மேரிறோஸ் கேட்டாள். பேர் அவளுக்குத் தெரியாது. முணுமுணுத்துக் காட்டினாள், இழுத்து இழுத்து, ஒப்பாரி வைக்கிற மாதிரி. இருந்த சனமெல்லாம் கண்ணைத் துடைச்சுது. மக்கே தனக்குத் தெரிஞ்ச சாவு மெட்டெல்லாம் குழலிலை ஊதிப் பாத்தான். ஒண்டும் அது இல்லை.

"அதுகூட இல்லாமல் அவரை எப்பிடி அக்கா அனுப்புறது?" எண்டு என்ரை தோளிலை விழுந்தாள்.

மக்கே அவளை இன்னொருக்கா முணுமுணுக்கச் சொன்னான். கூடவே விரலாலை மேசையிலை தட்டினான். தட்டத் தட்ட வேகம் கூடிச்சுது. திடீரெண்டு தலையிலை கையை வைச்சான். கலியாண வீட்டிலை துள்ளி ஆடுற மெட்டாம்! பழகேக்கை ஆறுதலாய், மெதுவாய் ஊது எண்டு தான்தான் சொன்னவனாம். இந்த மனிசன் ஏழு வருசமாய் அதே ஆறுதலிலை நிண்டிருக்கிறார்.

"செத்தவீட்டிலை கலியாண ஆட்டமோ? சனம் காறித் துப்பும்" எண்டார் எங்கடை பெரியப்பா அருட்பிரகாசம்.

"துப்பிறவை துப்பட்டும் பெரியப்பா! செத்தது அவளின்ரை மனுசன்" எண்டு பாய்ஞ்சன்.

எப்பிடி ஊத எண்டு மக்கே மேரிறோஸைக் கேட்டான். "அவர் ஊதினமாதிரி" எண்டாள்.

குழியடியிலை பையை அணைச்சுப் பிடிச்சு ஆறுதலாய்த் தொடங்கினான். அவர் தடுக்கி நிக்கிற இடம் வர, மேரிறோஸ் என்ரை கையை நெரிச்சாள். மக்கே அதைத் தாண்டிப் போனான். அங்காலை இருந்த மிச்ச மெட்டை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கடைசிவரை ஊதினான்.

மேரிறோஸ் குனிஞ்சு பெட்டியைப் பாத்தாள்.

"இஞ்சாருங்கோ, சரிவந்திட்டுது."