இடமிருந்தும் ஏறாத ஃபைல்

எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஜலகண்டாபுரத்தில் அப்பாவின் தறிகளுக்குச் சேலை டிசைன் போடுவதும் நான்தான்.

சென்ற மாதம் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. சர்வீஸ்காரர் அதிலிருந்த என் டிசைன்கள் எல்லாவற்றையும் ஒரே பெரிய ஃபைலாக்கி, "இதைப் பென் டிரைவ்ல ஏத்திருங்க. ஒருக்கா ஆஃப் ஆனா மறுபடி எந்திரிக்காதுங்க" என்றார். மறுநாள் காலை பராமரிப்பு மின்தடை. எங்களிடம் யுபிஎஸ் இல்லை.

காலையில் ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றப் போனதும் திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது.

"என்ன சாமி சொல்லுது?" என்றார் அப்பா.

பாதி வரியைப் பார்த்துவிட்டு, "ஃபைல் பெருசாம், இடம் பத்தலீங்கப்பா" என்றேன்.

பென் டிரைவிலிருந்த அக்காவின் கல்யாண வீடியோவை அழித்தேன். அதே அறிவிப்பு. மீதியையும் அழித்தேன். காலியான பிறகும் அதையேதான் சொன்னது. கரண்ட் போகும் நேரம் நெருங்கியது. நாற்காலியை விட்டு எழவும் முடியவில்லை, அப்பா முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

அப்போதுதான் வரியைக் கடைசிவரை வாசித்தேன். இடத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை; டிரைவை ஃபார்மேட் செய்திருக்கும் முறைக்கு ஃபைல் பெரிது என்றுதான் இருந்தது. போனில் தேடினேன். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் எவ்வளவு இடமிருந்தாலும் ஒரு ஃபைல் நாலு ஜிபியைத் தாண்டக் கூடாதாம். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றியதும் ஃபைல் ஏறியது. ஏறி முடித்த சற்று நேரத்தில் கரண்ட் போனது. அந்தக் கம்ப்யூட்டர் பிறகு எழவேயில்லை.

டிசைன்கள் பிழைத்தன. ஃபார்மேட் மாற்றினாலும் டிரைவில் இருப்பது அழியும்தான்; ஆனால் முதலிலேயே முழுதாக வாசித்திருந்தால், நேரமிருக்கும்போதே வீடியோவைப் போனுக்கு மாற்றியிருப்பேன். "ஏண்டி, என் கல்யாணத்தையே அழிச்சுப்போட்டயே" என்று அக்கா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

இப்போதெல்லாம் அப்பா கேட்டால், "இருங்கப்பா, முழுசாப் படிச்சுட்டுச் சொல்றேன்" என்கிறேன்.