நாலிலும் இறங்கினவள்

மகளின் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் பிடித்தது நான்தான். அந்தப் பிழையை வேறு யார் தலையிலும் கட்ட மாட்டேன். பிள்ளை பெரியவளாகி வீட்டில் இருந்த கிழமை அது. சனிக்கிழமை பின்னேரத்துக்குத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மண்டபம், காலையிலிருந்தே வீடியோக்காரர், சம்பூர்ச் சொந்தங்களுக்கெல்லாம் அழைப்பு என்று இரண்டே நாளில் ஓடித்திரிந்து முடித்தேன். அவளுடைய புத்தகப் பையை ஒருதரம் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உள்ளே பாடசாலைக் கடிதம் கிடந்தது. அதே சனிக்கிழமை காலை, நகரத்திலேயே, ஜிம்னாஸ்டிக் போட்டி.

மேசையைத் தாண்டுகிற வோல்ட், கம்பியில் சுழல்கிற பார், ஒடுங்கிய உயரச் சட்டத்தில் செய்கிற பீம், தரையில் செய்கிற புளோர் என்று நான்கு. ஒன்றிரண்டில் மட்டும் இறங்குகிற பிள்ளைகள் உண்டு. என் மகள் நாலிலும் இறங்கி, மொத்தப் புள்ளிக்குப் போட்டியிடுகிறவள். மூன்று வருடமாக அதற்காகவே முழங்காலை உரசிக்கொண்டு திரிந்தவள்.

கடிதத்தை அவள் என்னிடம் நீட்டியபோது என் மச்சாள், கணவரின் அக்கா, குசினியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இனி என்ன போட்டி? துள்ளினது காணும். பெரியபிள்ளை ஆகினாப் பிறகு அந்த உடுப்போட சனத்துக்கு முன்னால நிக்கிறதே? அது சின்னப் பிள்ளையளின்ர விளையாட்டு."

மகள் போய்த் தன் அலுமாரிக் கதவை விரியத் திறந்தாள். உட்பக்கம் முழுவதும் படங்கள். உலகப் போட்டிகளில் நாலிலும் இறங்கிப் பதக்கம் வென்ற பெண்கள், மும்மூன்று பேராக மேடையில் நின்றார்கள்.

"இதில ஆர் மாமி சின்னப் பிள்ளை? எல்லாரும் பெரியாக்கள். இவ கலியாணம் கட்டின பிறகும் வந்து வெண்டவ."

"அதுகள் வெள்ளைக்காரியள்."

"எல்லாரும் வெள்ளை இல்லை. வடிவாப் பாருங்கோ."

மச்சாள் பார்க்கவில்லை. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். தோள் திரண்ட பெண்கள். ஒருத்தியின் கணுக்காலில் கட்டு. நான் பெரியபிள்ளை ஆனபோது என்னை வலைப்பந்து விளையாட்டிலிருந்து நிறுத்தியதும் இதே 'காணும்', இதே 'போதும்'தான். எதிர்த்து ஒரு சொல் சொல்லாமல் நான் வீட்டில் குந்திக்கொண்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"காலமை போட்டிக்குப் போவாள் மச்சாள். பின்னேரம் சடங்கு" என்றேன்.

"விசரே உனக்கு? தண்ணி வார்க்க முதல் பிள்ளையை வெளியில காட்டுறதே? கண்ணூறு படும். அவள் போனால் நான் தண்ணி வார்க்க மாட்டன்."

எங்கள் பக்கத்தில் மாமிதான், தகப்பனின் சகோதரிதான், பிள்ளையின் தலையில் முதல் தண்ணீர் வார்க்க வேண்டும். கிறிஸ்தவ வேதக்காரர் ஆனாலும் நாங்கள் அதை விட்டதில்லை. மச்சாள் மறுத்தால் ஊர் வாய்க்கு அவலாகிவிடுவோம் என்பது எனக்குத் தெரியாததா?

"அப்ப நான் வார்க்கிறன்" என்றேன். கணவர் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். அதுவும் நல்லதாய்ப் போயிற்று.

சனிக்கிழமை காலை, சேலை உடுத்துகிற காட்சி எடுக்க வந்த வீடியோக்காரரை நேரே போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "அக்கா, சேலை எப்ப?" என்று மனிதர் மூன்று தரம் கேட்டார். "கதையை விட்டிட்டு எடுங்கோ" என்றேன். வோல்டும் பாரும் நன்றாகப் போயின. பீமில் சுழன்று நிற்கும்போது கால் வழுக்கி, தொடை அடிபட விழுந்தாள். ஐயோ என்று நான் எழும்பிவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கையில் வெள்ளைத் தூளைத் தேய்த்துக்கொண்டு திரும்ப ஏறி, விட்ட இடத்திலிருந்து முடித்தாள். பிறகு புளோரையும் செய்தாள். மொத்தத்தில் நாலாம் இடம். பதக்கம் மூன்று பேருக்குத்தான்.

பின்னேரம் கிணற்றடியில் நானே தண்ணீர் வார்த்தேன். அவள் தொடை நீலம் பாரித்திருந்தது. மச்சாள் மண்டபத்துக்கு மட்டும் வந்து, முன்வரிசைக் கதிரையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் சடங்கு மண்டபத்தில் பெரிய திரை கட்டி, பிள்ளை சேலையோடு கடற்கரையில் நடக்கிற படம் போடுவார்கள். எங்கள் திரையில் என் மகள் பீமில் ஏறினாள். விழுந்தாள். மண்டபமே 'ஐயோ' என்றது. மேடையில் பட்டுச்சேலையோடு இருந்தவள் தலை குனியவில்லை.

மச்சாள் என் காதுக்குள் குனிந்தார். "விழுந்ததை வெட்டிப்போட்டு மிச்சத்தைப் போட்டிருக்கலாமே. பதக்கமும் இல்லை, மானமும் போச்சு."

"அதைப் போடச் சொன்னதே நான்தான்" என்றேன், பின்வரிசைக்கும் கேட்கட்டும் என்று. "விழுந்தவள் ஏறுறதைப் பாருங்கோ மச்சாள். திங்கட்கிழமை திரும்பவும் பயிற்சிக்குப் போறாள்."

படம் முடிந்தது. நான் வீடியோக்காரருக்குக் கையைக் காட்டினேன். அவர் முதலிலிருந்து திரும்பவும் போட்டார்.