பாதி விலைக்குக் கிடைத்த அறை

கழுத்தில் ஆபரேஷன் முடிந்த அம்மாவுக்குச் சென்னையில் இருபது நாள் கரண்டு வைக்க வேண்டியிருந்தது. ரேடியேஷனை எங்கள் குளச்சலில் அப்படித்தான் சொல்வோம். அலைச்சல் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்குங்கள் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். நான் பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

அப்போது ஒரு இணையதளம் இருந்தது. எந்தப் பகுதி, எத்தனை ஸ்டார் என்று குறித்துவிட்டு, ஓட்டல் அறைக்கு நாமே விலை கேட்கலாம். பணம் கட்டிய பிறகுதான் ஓட்டலின் பெயர் தெரியும். கட்டிய பணம் திரும்ப வராது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கடப்புறத்தில் மீன் ஏலம் எடுத்து விற்று என்னை வளர்த்தவள் அம்மா. பாதி விலைக்குக் கேட்டுவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். வெயில் ஏற ஏற விலை தானாக இறங்கும். நானும் ஆஸ்பத்திரிப் பகுதியைக் குறித்துப் பாதி விலை கேட்டேன்.

ஓட்டல் அறை என்ன, வெயிலில் நாறிப்போகிற மீனா? மறுத்துவிட்டார்கள். அன்றே மறுபடி கேட்க வேண்டுமானால் இன்னொரு பகுதியையும் சேர்க்க வேண்டுமாம். மறுநாள் வரை பொறுத்திருந்து விலையைக் கூட்டிக் கேட்டிருக்கலாம். எனக்கு வீம்பு. மேப்பில் பக்கத்தில் தெரிந்த ஒரு பகுதியைச் சேர்த்து அதே விலையைக் கேட்டேன். கிடைத்துவிட்டது.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஒரு மணி நேரம். வண்டி குலுங்கும்போதெல்லாம் அம்மா கழுத்தைப் பிடித்துக்கொள்வாள். திரும்பி வரும்போது வாந்தி எடுப்பாள். கட்டியது போனால் போகிறதென்று பக்கத்தில் வேறு அறை எடுத்திருக்கலாம். கையில் பணம் இருந்தது. ஏமாந்ததாக ஆகிவிடுமே என்று எடுக்கவில்லை. இதை எழுதும்போது என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஒன்பதாம் நாள் அம்மா ஆட்டோவில் ஏறவில்லை.

"என்னைக் கொண்டு முடியாது மக்கா. ஊருக்குப் போவோம்."

"பக்கத்துலயே ரூம் எடுக்கேம்மா."

"இனி என்னத்துக்கு?"

எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பினோம். மிச்ச நாள் கரண்டு வைக்கவேயில்லை.

குரல் இருந்தவரைக்கும், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றைத்தான் சொன்னாள். "எனக்க மவன் என்னைப் பெரிய ஓட்டல்ல தங்க வச்சான். அதும் பாதி வெலைக்கு."

மூன்று மாதத்தில் போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்தவர்களில், அவளோடு ஏலம் எடுத்த ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒனக்க அம்மைக்கு அந்த ஓட்டல்ல தங்குனதுல எவ்வளவு பெருமை தெரியுமா மக்கா?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன்.