உப்புப் போதாத தண்ணீர்

சுனாமிக்கு அடுத்த வருடம், எம்.பி.பி.எஸ். கடைசி வருடத்துப் பொது மருத்துவத் தேர்வை இரண்டாம் முறை எழுதுவதற்காக மரக்காணத்தில் மாமியார் வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். முதல் முறை எழுதியபோது நிறைமாதம், தேறவில்லை. இந்த முறையும் போனால் படிப்பை விட்டுவிடலாம் என்று கணவர் சென்னையிலிருந்து போனில் சொல்லியிருந்தார். கோபமில்லாமல் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது.

எனக்குக் கொடுத்த அறைக்கு ஒரே ஜன்னல். திறந்தால் உப்பளத்துக் காற்றில் புத்தகம் பிசுபிசுக்கும், மூடினால் வேர்வை. மூடியே வைத்திருந்தேன். குடல், கல்லீரல், கணையம் என்று பக்கங்களைத் திருப்பும்போது மகள் மடியில் இருப்பாள், இல்லாவிட்டால் கதவுக்கு வெளியே அழுவாள். அவளைத் தூக்கினால் பாடம் போச்சு. பாடத்தைப் பார்த்தால் நான் என்ன தாய் என்று தோன்றும்.

தேர்வுக்கு முந்தின நாள் காலையிலிருந்து அவளுக்கு வயிற்றுப்போக்கு. பல் முளைக்கும்போது அப்படித்தான் போகும் என்றார் அத்தை. நானோ அதே பாடத்தை அப்போதுதான் முடித்திருந்தேன். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டு, அது மெதுவாகத் திரும்பினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. கிள்ளினேன். மெதுவாகவா, வேகமாகவா? என் கையைக் கிள்ளிப் பார்த்தேன். மறுபடி அவளை. அழுதாள், கண்ணீர் வந்தது. போதுமான கண்ணீரா என்று தெரியவில்லை.

உப்புக்கரைசல் பாக்கெட் வாங்கப் போன மாமனார், கடையில் தீர்ந்துவிட்டதென்று வெறுங்கையோடு வந்தார். வீட்டிலேயே கலந்தேன். கொதித்து ஆறிய தண்ணீர், சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. புத்தகம் சொன்னது தூள் உப்பு. வீட்டில் இருந்தது எங்கள் உப்பளத்துக் கல் உப்பு. இடித்து, அளந்து, கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது என்று படித்திருந்ததால் நாக்கில் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அந்த ஊரில் உதட்டிலேயே உப்பு இருக்கும்.

துணி அலசிவிட்டு வந்தபோது அத்தை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். மகள் முகத்தைச் சுளித்துத் துப்பினாள். வாங்கி ஒரு வாய் குடித்தேன். கரித்தது.

“உப்பே இல்லாம கலந்து வெச்சிருக்கியேன்னு கொஞ்சம் அள்ளிப் போட்டேன்” என்றார் அத்தை.

உப்புப் பாத்தியில் நாள் முழுக்க வேர்க்கிறவர்களுக்குச் சமைத்துப் பழகிய நாக்கு அது. நான் கலந்தது அதற்கு வெறும் தண்ணீர். சொம்பை முற்றத்தில் கவிழ்த்தேன்.

“நானு இன்னா, வெசமா வெச்சேன்?”

உப்பு அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து என்று விளக்கினேன். விளக்கும்போதே என் அளவாவது சரிதானா என்ற சந்தேகம். அத்தை எழுந்து போய்விட்டார். புதிதாகக் கலந்து, தாய்ப்பாலும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் போக்கு குறைந்தது. ஆனாலும் நாளைக்குப் போகவில்லை என்று மாமனாரிடம் சொன்னேன். சமையலறையிலிருந்து அத்தையின் குரல் மட்டும் வந்தது.

“நானும் வர்றேன், கொயந்தையத் தூக்கிக்கினு. அவ எழுதட்டும்.”

காலையில் புதுச்சேரி பஸ்ஸில் மூவரும் போனோம். நான் கலந்த பாட்டிலை அத்தையிடம் கொடுத்துவிட்டுத் தேர்வு அறைக்குள் நுழைந்தேன். கதவைச் சாத்தினார்கள். இரைப்பைப் புண்ணின் சிக்கல்களை எழுதச் சொல்லியிருந்தது. எழுதினேன். பால் கட்டி ரவிக்கை நனைந்தது. கலந்தது நான், ஆனால் பாட்டில் அவர் கையில். புடவை முந்தானையில் உப்பு முடிந்துகொண்டு வந்திருப்பாரோ என்றுகூட நினைத்தேன். முடியும் வரை யாரும் எழுந்து போகக் கூடாது.

வெளியே மரத்தடியில் மகள் அத்தையின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பாட்டில் பாதி காலி. அத்தை அதை என்னிடம் நீட்டினார்.

“நான் வாயில கூட வெச்சுப் பாக்கல. நீயே பாத்துக்க.”

பார்த்தேன். நான் கலந்தபடியேதான் இருந்தது என்று நினைக்கிறேன். ஆனாலும் குனிந்து மகளின் வயிற்றுத் தோலைக் கிள்ளினேன். விழித்து வீறிட்டாள், கன்னமெல்லாம் கண்ணீர்.

“தூங்கற கொயந்தையக் கிள்ளுது பாரு, எங்க டாக்டரு” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் சொன்னார் அத்தை.