கர்லிங் கூடத்துக்கு வைக்க இருந்த பெயர்

வெர்னா சிம்பலுக் என் அண்ணன் மனைவி. அண்ணன் போன பிறகும் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வேலியும் இரண்டு ஆப்பிள் மரங்களும்தான். கனடாவில் டாஃபின் நகரத்துக்கு வடக்கே இருக்கிற எங்கள் மில்பர்னில், ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள யாரைக் கேட்டாலும் வெர்னாவின் பள்ளிப் பேருந்தில் ஏறிப் போனவர்களாகத்தான் இருப்பார்கள். மைனஸ் நாற்பது டிகிரி குளிரிலும் அவள் வண்டி கிளம்பாமல் இருந்ததில்லை. பின் வரிசையில் சண்டை போடுகிறவனைக் கண்ணாடியில் பார்த்து ஒரே ஒரு சத்தம் போடுவாள். அவ்வளவுதான்.

அந்தச் சத்தம் பனித்தரையில் பழகியது. குளிர்காலம் முழுக்க கர்லிங் ஆடுகிற ஊர் எங்களுடையது. கருங்கல்லை வழுக்கி விடுவார்கள், இரண்டு பேர் அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள், அணித் தலைவி எதிர்முனையில் நின்று கத்துவாள். வெர்னா தலைவி. அவளுக்குக் கீழே மார்லீஸ், ஷர்லி, கொலீன். நாலு பேரும் அணிந்த பச்சை ஸ்வெட்டரைப் பார்த்தாலே பக்கத்து ஊர்க்காரிகள் இரண்டாம் பரிசைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கொலீனின் கணவன் ரஸ்ஸல் ஹார்க்னஸ். விதையும் உரமும் விற்றவன். பள்ளி நிர்வாகத்திலும் இருந்தான். பிறகு வட்டாரத் தலைவராகவும் ஆனான். ஊரில் எல்லார் தோளிலும் கைபோட்டுப் பேசுவான். வீட்டுக்குள் அவன் கை வேறு வேலை செய்தது. அது ஊருக்குத் தெரியும். தெரியும் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு ஜனவரி காலை, ஹார்க்னஸ் வீட்டுப் பாதை முனையில் வெர்னா வண்டியை நிறுத்தியபோது பிள்ளைகள் இருவரோடு கொலீனும் நின்றாள். மேல்கோட்டு இல்லை. ஒரு காதிலிருந்து கழுத்துவரை ரத்தம் உறைந்திருந்தது. வெர்னா கதவைத் திறந்து, "ஏறுடி" என்றாள். மற்றப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அந்த மஞ்சள் பேருந்தையே டாஃபினுக்கு ஓட்டிக்கொண்டு போய், தன் கோட்டைக் கழற்றி கொலீனுக்குப் போட்டு, மூவரையும் ஆல்பர்ட்டா போகும் வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினாள்.

பேருந்தைத் திருடினாள் என்று ரஸ்ஸல் நிர்வாகத்தில் எழுந்து பேசினான். கோடை விடுமுறைவரை வெர்னாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பருவம் முடிவதற்குள்ளேயே ஷர்லியும் மார்லீஸும் வேறு அணிக்குப் போய்விட்டார்கள். ஷர்லியின் கணவன் ரஸ்ஸலின் கிடங்கில் வேலை பார்த்தான். மார்லீஸ் ரஸ்ஸலுக்குச் சித்தப்பா மகள். காரணம் கேட்க யாரும் போகவில்லை. பிறகு ஆளுக்கொரு ஊராகக் குடிபெயர்ந்தார்கள். வருடா வருடம் கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் அனுப்பிக்கொண்டார்கள்.

போன வருடம் ரஸ்ஸல் செத்தான். கர்லிங் கூடத்தின் பனி உறைய வைக்கும் இயந்திரம் ஏற்கெனவே சாகக் கிடந்தது. புதிது வாங்கப் பணம் எழுதி வைத்திருந்தான், கூடத்துக்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆகஸ்டில் ஊர்க்கூட்டம் என்று கமிட்டித் தலைவர் வேய்ன் அறிவித்தார். வெர்னா காப்பிக் கடையிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வேய்ன், உனக்கு வெக்கமா இல்ல?"

"வெர்னா, செத்தவன விட்ரு."

"நான் விட்டுட்டேன். நீங்கதான் தோண்டி எடுத்து செவத்துல மாட்டப் போறீங்க."

கடையில் ஒருவரும் நிமிரவில்லை. எல்லாருக்கும் திடீரென்று காப்பியில் சர்க்கரை கலக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வெர்னா என் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். "ஓல்கா, பையை எடு. யார்க்டனுக்கு ஷர்லிகிட்ட போறோம், ஸ்விஃப்ட் கரண்டுக்கு மார்லீஸ்கிட்ட போறோம், அப்படியே ஆல்பர்ட்டாவுக்கு கொலீன்கிட்டயும். நான் ஒருத்தி சொன்னா பழைய பகைன்னுவானுங்க. நாலு பேரும் சொல்லட்டும், எவன் பேசறான்னு பாக்கறேன்."

"அவளுங்க வருவாளுங்களா?"

"ஏன் வர மாட்டாளுங்க? பார்த்தவளுங்கதானே?"

அவளுடைய பழைய ப்யூக் காரில் கிளம்பினோம். ஜூலை மாதம், இரண்டு பக்கமும் கடுகு மாதிரியான கனோலாப் பயிர் பூத்து, கண் கூசுகிற மஞ்சள். வெர்னா எதையும் பார்க்கவில்லை. சூரியகாந்தி விதையைக் கடித்து உமியைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே, கூட்டத்தில் பேசப்போவதை உரக்கப் பேசிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் சஸ்காட்செவன் சாலையில் ஒரு பள்ளத்தில் கார் இறங்கியபோது அந்தக் குழிக்கும் ஒரு திட்டு கிடைத்தது.

யார்க்டனில் ஷர்லி வாசலுக்கே ஓடி வந்து கட்டிக்கொண்டாள். மேசை நிறைய வைத்திருந்தாள். உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை, மேலே வதக்கின வெங்காயம், புளித்த கிரீம், பீட்ரூட் சூப். வெர்னா முள்கரண்டியைத் தொடுவதற்கு முன்பே விஷயத்தைச் சொன்னாள். ஷர்லியின் முகம் சாத்தின ஜன்னல் மாதிரி ஆயிற்று.

"நான் ஒண்ணும் பாக்கலடி வெர்னா."

"உடை மாத்துற அறையில அவ முதுகு முழுக்க நீலமா இருந்தப்ப, நீ எந்தப் பக்கம் திரும்பி நின்ன?"

"கீழ விழுந்துட்டேன்னு அவளே சொன்னா."

"வாரா வாரமா விழுவா?"

"சாப்பிடு. ஆறிடும். இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு இதெல்லாம்? நம்ம வயசுக்கு நிம்மதியா இருக்க வேணாமா?"

"நீ இரு. நிம்மதியா இரு." வெர்னா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். நான் என்ன செய்வேன்? காலையிலிருந்து பட்டினி. கைத்துண்டில் ஐந்தாறு பெரோகியைச் சுற்றிக்கொண்டு, ஷர்லியிடம் மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையாட்டிவிட்டு, பின்னாலேயே ஓடினேன். காரில் ஒன்றை நீட்டினேன். "அவ கையால செஞ்சதா? வெளிய வீசு" என்றாள். நான் வீசவில்லை. ரெஜைனா நகரம் வருவதற்குள் அவளே இரண்டைத் தின்றாள், அதையும் கோபமாகத்தான் மென்றாள்.

அன்று சாலையோர விடுதியில் தங்கி, மறுநாள் ஸ்விஃப்ட் கரண்டில் மார்லீஸின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். கணவன் இல்லை, முழங்கால் மூட்டு இரண்டையும் ஆபரேஷன் செய்து மாற்றியிருந்தாள். ஷர்லியைப்போல அவள் மழுப்பவில்லை. காப்பியை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து சொன்னாள்:

"பாத்தேன். ஐஸ் வெச்சதே நான்தான். ஒரு தடவை இல்ல, நெறைய தடவை. பனிக்கூடத்துல ஐஸுக்கா பஞ்சம்?"

"அப்ப வந்து சொல்லு."

"அன்னிக்கு சொல்லாதத இன்னிக்கு சொன்னா, 'அன்னிக்கு எங்க போன?'ன்னு கேப்பாங்க. என்னத்தச் சொல்லுவேன்?"

"எங்கயும் போகல, துடைப்பத்தத் தூக்கிட்டு வேற அணிக்குப் போனேன்னு சொல்லு."

மார்லீஸின் கழுத்து சிவந்தது. "உனக்கு என்னடி? புருஷன் நல்லவன், உன் பக்கம் நின்னான். எனக்கு அந்தக் குடும்பத்தோட ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரே மேசையில உக்காந்து சாப்பிட வேண்டியிருந்துச்சு. உனக்கு எப்பவும் எதிர்முனையில நின்னு கத்தறதுதான் வேலை. குனிஞ்சு தேய்க்கறவ நான்."

"குனிஞ்சே இரு" என்றாள் வெர்னா.

அந்த வார்த்தை தேவையில்லை என்று காரில் நான் சொன்னேன். "நீயும் இறங்கிக்கிறியா?" என்று கேட்டாள். வெட்டவெளி, சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லை, ஒரு சரக்கு ரயில் முடிவில்லாமல் கூடவே வந்துகொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். மெடிசின் ஹாட் நகரம் வரைக்கும் அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

கொலீன் ஆல்பர்ட்டாவில் டிரம்ஹெல்லர் பக்கத்தில் ஒரு சின்ன நகரில் இருந்தாள். நாற்றுப்பண்ணை ஒன்றில் பல வருடம் வேலை பார்த்து, இப்போது மகன் டெரெக் வீட்டுக்கு அடுத்த வீடு. அன்று ரத்தம் வழிந்த அந்தக் காது அவளுக்குக் கேட்காது. அதனால் எப்போதும் தலையை ஒரு பக்கம் சாய்த்துத்தான் பேசுவாள். வெர்னாவைக் கண்டதும் சிரித்து, அழுது, தக்காளிச் செடிகளைக் காட்டி, டெரெக்கை இறைச்சி சுடச் சொல்லி, ஒரே அமர்க்களம். எல்லாம் வெர்னா விஷயத்தைச் சொல்லும்வரை.

"யாரக் கேட்டுக் கெளம்பின?" என்றாள் கொலீன்.

"யாரக் கேக்கணும்? அவன் பேர—"

"என்னைக் கேக்கணும். அடி வாங்கினது நான். ஷர்லிகிட்டப் போய் சொல்லிருக்க, மார்லீஸ்கிட்டப் போய் சொல்லிருக்க, கடைசியா என்கிட்ட வந்து நிக்கற. என் காதை எடுத்துட்டுப் போய் ஊர்க்கூட்டத்துல மேசை மேல வெக்கப் போறியா?"

"கொலீன், உனக்காகத்தான்—"

"எனக்காக இல்ல. உனக்காக. உன்னை வேலையிலேருந்து நிறுத்துனானே, அந்தக் கோவம் இன்னும் உனக்கு ஆறல. ஆறவும் வேணாம், உனக்கு அந்த உரிமை இருக்கு. ஆனா அதுல என் பேர ஒட்டாத."

வெர்னா ஒரு நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தாள். பின்வாசல் மேடையில் டெரெக் இறைச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது, அப்பனைப்போலவே அகன்ற தோள், அம்மாவைப்போல மெல்லிய குரல். கதவு திறந்துதான் இருந்தது. தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தான். சாப்பிட்டு முடிந்ததும் எங்கள் காரின் எண்ணெயைப் பார்த்து, கண்ணாடியில் அப்பியிருந்த பூச்சிகளைத் தேய்த்துக் கழுவினான்.

காலையில் கிளம்பும்போது கொலீன் கார் ஜன்னலில் குனிந்தாள். "நீ பாத்தத நீ சொல்லு. அது உன்னோடது. நான் பட்டத சொல்லாத. அது என்னோடது." வெர்னாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது வெர்னா மார்லீஸ் ஊரையும் ஷர்லி ஊரையும் ஒரு நிறுத்தம்கூட இல்லாமல் தாண்டினாள். இப்போது அவளுக்குக் கோபம் யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருமுறை மட்டும், "அவ சொன்னது சரியா ஓல்கா?" என்று கேட்டாள். "பாதி" என்றேன். "எந்தப் பாதி?" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

கூட்டம் கர்லிங் கூடத்து மாடியில் நடந்தது. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். ருபார்ப் கேக், காப்பி, சுவரில் சாய்த்து வைத்த வரைபடத்தில் பெரிய எழுத்தில் ரஸ்ஸல் ஹார்க்னஸ் கூடம். வேய்ன் அவன் கொடையைப் புகழ்ந்து முடித்ததும் வெர்னா எழுந்தாள். கத்தவில்லை. ஒரு குளிர்காலக் காலையில் ஒரு வீட்டுப் பாதை முனையில் கோட்டு இல்லாத ஒரு பெண் நின்றாள், கழுத்தில் ரத்தம் இருந்தது, நான் கதவைத் திறந்தேன், அதற்காக என்னை வேலையிலிருந்து நிறுத்தினீர்கள் என்று மட்டும் சொன்னாள். பெயர் சொல்லவில்லை. அந்தப் பாதை யார் வீட்டுக்குப் போகும் என்று தெரியாதவர் அந்த அறையில் இல்லை.

"வெர்னா, இதெல்லாம் யாரும் நிரூபிச்சதில்ல," என்றார் வேய்ன். "அந்தம்மாவே வந்து சொல்லல."

"நான் சொல்லலாமா?"

பின்னால் கதவருகே டெரெக் நின்றிருந்தான். தூசி படிந்த பூட்ஸ், தொப்பி கையில். எப்போது வந்தான் என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. வெர்னா என் கையை இறுக்கிய இறுக்கில் மோதிரம் அழுந்தியது.

"நான் ரஸ்ஸல் ஹார்க்னஸ் மகன். அம்மா கதைய நான் சொல்ல வரல, அது அவங்க இஷ்டம். என் கதைய சொல்றேன். அப்ப எனக்கு எட்டு வயசு. தங்கச்சிய அலமாரிக்குள்ள வெச்சு சாத்திட்டு நான் கதவுல முதுக வெச்சு நிப்பேன். எங்க வீட்டுச் சத்தம் உங்க வீடுகளுக்குக் கேக்கும்னு எனக்குத் தெரியும், ஏன்னா உங்க வீட்டு நாய் குரைக்கறது எங்களுக்குக் கேக்கும். இத்தனை கதவு இருந்த ஊர்ல, தெறந்தது ஒரு கதவுதான். அது பஸ் கதவு."

யாரோ ஒரு கிழவர் இருமினார்.

"பேர வெக்கறதுன்னா வைங்க. ஒவ்வொரு போட்டிக்கும் நான் வருவேன். அந்தப் பேருக்குக் கீழ நாற்காலி போட்டு உக்காந்து, இது யாருன்னு கேக்கற ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லுவேன். எனக்கு வேலை சொந்த வேலை, லீவு கேக்கத் தேவையில்ல."

கை தூக்கச் சொன்னபோது பெயருக்கு ஆதரவாக வேய்னும் இன்னும் சிலரும்தான் தூக்கினார்கள். மற்றவர்கள் எதிர்த்தும் தூக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதிக்கு மேல் கை வேண்டும் என்பதால் அப்படித்தான் அந்தப் பெயர் தோற்றது. அதிலும் ஒரு துணிச்சல் கிடையாது. வெர்னா அதற்கும் பல்லைக் கடித்தாள். டெரெக் ஒரு துண்டு கேக் தின்றுவிட்டு, வெர்னாவின் வீட்டுச் சோபாவில் படுத்துத் தூங்கி, காலையில் திரும்பிப் போனான்.

பணம், அந்தப் பெயரை ஏற்றுக்கொண்ட வேறு ஊர்க் கோல்ஃப் மைதானத்துக்குப் போயிற்று. அந்தக் குளிர்காலம் எங்கள் இயந்திரம் படுத்தே விட்டது. பனி இல்லாத கூடத்தைப் பார்த்து ஊர் பற்களை நறநறவென்று கடித்தது, ரஸ்ஸலைப் பார்த்து அல்ல, வெர்னாவைப் பார்த்து. எதிரே வண்டியில் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வது எங்கள் வழக்கம். பாதிப் பேர் அவளுக்கு விரல் தூக்குவதை நிறுத்திவிட்டார்கள். அவள் மட்டும் ஒவ்வொருவருக்கும் தூக்கினாள், வேண்டுமென்றே, முழுக் கையையும்.

டிசம்பரில் அவள் வீட்டில் நான் இருந்தபோது போன் அடித்தது. மார்லீஸ். எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"டெரெக் வந்தானாமே, கேள்விப்பட்டேன்," என்றது அந்தக் குரல். பிறகு, "நானும் வந்திருக்கணும்டி."

"ஆமா," என்றாள் வெர்னா. "வந்திருக்கணும்."

போனை வைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு வெளியே போய் வாசல் பனியை வாரி வாரி எறிய ஆரம்பித்தாள். கண்ணாடி வழியே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் வாசலை முடித்துவிட்டு, என் வாசலுக்கும் நகர்ந்தாள்.