சும்மா வந்த அண்ணா

எங்கள் அண்ணா சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா கடலில் காணாமல் போனபின் படிப்பை விட்டுவிட்டு, திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஐஸ் உடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். என் கலியாணமும் நடந்தது. தமக்கென்று ஒரு குடும்பம் தேடாதவர், கணவரை இழந்து நான் தனித்தபோது என்னோடு வந்து தங்கினார்.

அண்ணாவுக்கு அயல்வீடுகள்தான் உலகம். வேலை முடிந்து குளித்துத் திருநீறு பூசினால், நேரே யாராவது வீட்டு முற்றம்தான். "சும்மா வந்தனான்" என்பார். உட்காரக் கதிரை வரும், தேத்தண்ணீர் வரும், கதை தொடங்கும். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் உலை வைக்கவில்லை என்பதெல்லாம் அவர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடனே சோறு கட்டித் தரச் சொல்லி என் உயிரை வாங்குவார்.

பிறகு வேலிகள் மதில்களாகின. எல்லோர் கையிலும் போன் வந்தது. ஒருநாள் பழைய கூட்டாளி ஒருவரின் வீட்டுக்குப் போனபோது, அவருடைய மருமகள் கேற்றைத் திறக்காமலே, "என்ன அலுவல் ஐயா? ஒரு கோல் எடுத்திட்டு வந்திருக்கலாமே" என்றாராம். அந்தப் பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் அலுவல் எதுவும் இல்லாத அண்ணா வெட்கப்பட்டு, ஏணி இரவல் வாங்க வந்ததாகச் சொல்லிவிட்டார். ஏணியைத் தோளில் சுமந்து வந்தவரைக் கண்டு எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

"எங்கட வீட்டிலயும் ஏணி இருக்குத்தானே அண்ணா?"

"இருக்கட்டும் தங்கச்சி. திருப்பிக் குடுக்க இன்னொருக்காப் போகலாம் எல்லே."

அதன்பின் குடை, சைக்கிள் பம்ப், மா அரிக்கும் அரிதட்டு என்று தேவையில்லாததெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து போயின. சிலருக்கு இது தொல்லையாகவும் இருந்திருக்கும். அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

நெஞ்சு வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில், பார்வையாளர் நேரமானால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஆரும் வந்தவையோ?"

"எல்லாரும் சுகம் கேட்டு மெசேஜ் போட்டிருக்கினம் அண்ணா."

"வந்தவையோ எண்டுதான் கேட்டனான்."

அடுத்த நாள் காலை அண்ணா எங்களை விட்டுப் போய்விட்டார்.

இந்த ஓராண்டு நினைவில், அவரைப் பராமரித்த மருத்துவர், தாதியருக்கும், பந்தல் போட்டுச் சமைத்து, பாடை சுமந்த சல்லி உறவுகளுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். தொலைபேசியில் அனுதாபம் அனுப்பியவர்களுக்கும் நன்றி.

நோயில் விழுமுன் அண்ணா கடைசியாக இரவல் வாங்கிய அலவாங்கு ஒன்று இங்கே கிடக்கிறது. முற்றம் முழுவதும் சீமெந்து போட்ட வீட்டில் அதைக் கொண்டு எதைக் கிண்டப் போகிறார் என்று அன்று ஏசினேன். உரியவருக்குத் தகவல் சொன்னேன். "பறவாயில்லை அக்கா, நீங்களே வைச்சிருங்கோ" என்று போனிலேயே முடித்துவிட்டார். அன்று நான் அழுததைப் போல் செத்தவீட்டிலும் அழவில்லை.

அலவாங்கை இரவல் தந்த தம்பி, அது எனக்கு வேண்டாம். அதை யாரிடமும் கொடுத்துவிடவும் மாட்டேன். நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லிக்கொண்டு வர வேண்டியதில்லை. பகல் முழுவதும் நான் தனியாகத்தான் இருக்கிறேன்.

தங்கை