பூ தொட்ட கை

புறநகர் போகும் கம்யூட்டர் ரயிலில் மாலை அவிழ்ந்தால் என்ன ஆகும் தெரியுமா?

எனக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய சாமந்தி மாலை கிள்ளான் போய்ச் சேர்வதற்குள் என் மடியிலேயே உதிரிப் பூவாகிவிட்டது. பெட்டி முழுக்க மஞ்சள். எதிரே இருந்த சீன அங்கிள் மிதித்துவிடக் கூடாதென்று இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். ஒரு மலாய்க்காரப் பெண் குனிந்து பொறுக்கிக் கொடுத்தாள். நான் ஆளாளுக்கு 'சாரி' சொல்லிக்கொண்டு அசடு வழிந்தேன்.

வேறு யாராவது கட்டியிருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். கட்டியது சரோஜா அக்கா!

என் ஆபீசுக்குப் போகும் வழியில், கடை வரிசை நடைபாதையில் பூக்கடை வைத்திருப்பவர் சரோஜா அக்கா. மாலை கட்டி முடித்ததும் இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழு இழுப்பார். ஒரு பூ நழுவினாலும் போச்சு, மொத்தத்தையும் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவார். "அம்மன் கழுத்துல ஏறி பாதியில அவுந்தா, அது எனக்கு அசிங்கம்மா" என்பார்.

சாமி விஷயத்தில் அவ்வளவு கறார். காலையில் தலை முழுகாமல் பூவைத் தொட மாட்டார். யாராவது ஆசைப்பட்டு மல்லிகையை மூக்கருகே கொண்டு போனால், "பாஸ்! மோந்து பாக்காதீங்க லா, சாமிக்குப் போறது!" என்று தெரு முனை வரை கேட்கும்படி ஒரு சத்தம் போடுவார். வாங்க வந்தவர் திருடனைப் போல முழிப்பார்.

அப்பேர்ப்பட்டவர் கட்டிய மாலையா அவிழ்ந்தது? சண்டை போடுவதற்கென்றே திங்கட்கிழமை போனேன்.

சண்டை வரவில்லை. அவர் விரல்களைப் பார்த்துவிட்டேன். நூலைச் சுற்றுகிறார்… நழுவுகிறது. மறுபடி சுற்றுகிறார்… விரல் தனக்குத் தானே ஆடுகிறது. நெற்றியில் வேர்வை ஊற்றுகிறது. கண்ணும் மூக்கும் ஒழுகியபடி இருக்கின்றன.

"என்னக்கா, சளியா?"

"சளி இல்லம்மா. சாமி குத்தம்."

கொஞ்ச மாதமாகவே இப்படியாம். ஒரு கிளினிக்கில் கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இன்னொன்றில் விட்டமின் மாத்திரை. பக்கத்துக் கடைக்காரர்கள் மருந்தே இல்லாமல் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: சாமி பூவில் ஏதோ பிசகு நடந்திருக்கிறது, அம்மனுக்குக் கோபம். நம் ஆட்களுக்கு இதற்கெல்லாம் எக்ஸ்ரே வேண்டுமா என்ன?

அக்காவும் நம்பிவிட்டார். பரிகாரமாக ஒரு வேண்டுதல். வெள்ளிக்கிழமை தோறும் பக்கத்து அம்மன் கோயிலுக்கு ஆளுயர மாலை, தன் கையால். வழக்கமான வேலை போக வியாழக்கிழமை முழுக்க இதற்கென்று கூடுதலாக உட்கார்ந்து கட்டினார். நடுக்கம் குறைந்ததா? கூடியது. சரி, பக்தி பற்றவில்லை என்று மாலையை இன்னும் கொஞ்சம் கனமாக்கினார். நடுக்கம் இன்னும் கொஞ்சம் கூடியது.

"அப்புறம்தாம்மா அம்மன் வாயத் தொறந்தே சொல்லிட்டா" என்றார்.

பண்டமாரானில் இருந்த அவருடைய கணவரின் அண்ணன் இறந்துபோனாராம். வீட்டில் தீட்டு. கருமக்கிரியை முடியும் வரை கடையைத் திறக்கவில்லை. பூ கட்டவில்லை. கோயில் பக்கமே போகவில்லை.

"அந்த நாள்ல கை நடுக்கம் நின்னுருச்சும்மா. தேத்தண்ணி ஆத்துனேன், கோலம் கூட போட்டுப் பாத்தேன்… தீட்டு வீட்ல கோலம் போடக்கூடாதுன்னு பேப்பர்ல பேனாவால போட்டேன். ஒரு ஆட்டம் இல்ல. தீட்டு கழிஞ்சு தலை முழுகிட்டு வந்து பூவத் தொட்டேன் பாருங்க, வெள்ளிக்கிழமை வரைக்கும் கூட தாங்கல. திரும்ப ஆரம்பிச்சிருச்சு. இதுக்கு மேல அவ எப்படிச் சொல்லுவா? என் கை பூவத் தொடக்கூடாதாம். கடைய விட்டுறப் போறேன்."

சொல்லும்போது அழுதாரா, கண் வழக்கம் போல வடிந்ததா… எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பூ கட்டுவதை விட்டுவிட்டு சரோஜா அக்கா என்று ஒருவர் இருப்பாரா? அவருக்கே அந்தக் கேள்விதான் பெரிதாக இருந்தது. முகத்தில் தெரிந்தது.

அம்மனோடு வாதாட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் எனக்கு எஸ்தர் இருக்கிறாள்.

எஸ்தர் என் பள்ளித் தோழி. கிள்ளான்காரி, ரயில்வே குடும்பம், ஞாயிறுதோறும் மெதடிஸ்ட் சபையில் பாட்டு. வேலையால் வரும் நோய்களைப் பார்க்கும் டாக்டர். துறைமுகத்துத் தொழிலாளர், வெல்டிங் ஆட்கள், லோரி ஓட்டுநர்கள் என்று அவளிடம் வருகிறவர்கள் எல்லாம் உழைத்துக் களைத்தவர்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் கூட நகையைப் பார்க்க மாட்டாள். விருந்தாளிகளின் நகத்தைப் பார்ப்பாள். அவளோடு போவது கொஞ்சம் சங்கடம்தான்.

"சாமி குத்தத்துக்கு டாக்டர் என்னம்மா பண்ணுவாங்க?" என்று அக்கா இழுத்தார்.

"ரத்தம் எடுப்பாங்க, வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

எஸ்தர் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, என்ன வேலை செய்றீங்க?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இதுவரை பார்த்த எந்த டாக்டரும் இதைக் கேட்கவில்லையாம்.

"எப்படிக் கட்டுவீங்க, செஞ்சு காட்டுங்க."

பூவும் இல்லை, நூலும் இல்லை. அக்கா அந்தக் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி காற்றில் ஒரு மாலை கட்டத் தொடங்கினார். பெட்டியிலிருந்து அள்ளுகிறார், மடியில் பரப்புகிறார், தண்ணீர் தெளிக்கிறார், சுற்றுகிறார், முடிகிறார். இல்லாத பூக்கள் அவர் நடுங்கும் கையில் எனக்கே தெரிந்தன. எஸ்தர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மடி ஈரமாவே இருக்குமா?"

"பூ வாடக்கூடாதே. நாள் பூரா கையும் ஈரம், துணியும் ஈரம்."

"சாப்பாடு?"

"வேலைக்கு நடுவுலதான். நாசி லெமாக் சோறு பொட்டலமா தப்பாவ் பண்ணிட்டு வந்து வச்சிப்பேன்."

"கையாலதானே சாப்பிடுவீங்க? கழுவிட்டு?"

"காலையில தலை முழுகிட்டுத்தானே டாக்டர் பூவயே தொடுறேன்!"

"அது தொடறதுக்கு முன்னால. தொட்டதுக்கு அப்புறம்?"

சரோஜா அக்கா சிரித்துவிட்டார். "சாமிக்குப் போற பூவத் தொட்ட கையப் போய் யாராச்சும் கழுவுவாங்களா டாக்டர்?"

எஸ்தர் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

யோசித்துப் பாருங்கள். நமக்குச் சுத்தம் என்றாலே எப்போதும் முன்னால்தான். நம் அழுக்கு பூவில் பட்டுவிடக் கூடாது. குளித்துவிட்டுத் தொடு, மோந்து பார்க்காதே, தரையில் வைக்காதே! பூவிலிருந்து நம்மீது ஏதாவது படும் என்று யாருக்காவது தோன்றியிருக்கிறதா? எனக்குத் தோன்றியதே இல்லை. மலைத் தோட்டத்தில் ஒரு புழு கூடத் தீண்டாமல் அந்தச் சாமந்தி எப்படி அத்தனை அழகாக வந்து சேர்கிறது என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால் தோன்றியிருக்கும்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எஸ்தர் சந்தேகப்பட்டபடியே ரத்தத்தில் ஒரு சரக்கு, இருக்க வேண்டியதைவிட ரொம்பக் குறைவு. அது என்ன என்று அவள் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். நான் வாய் பிளந்து கேட்டதை உங்களுக்கும் சொல்லியாக வேண்டும்.

விரலை மடக்க வேண்டுமா? நரம்பு தசைக்கு ஒரு சேதி அனுப்புகிறது. சேதி என்றால் சொல் அல்ல, ஒரு துளி ரசாயனம். தசை மடங்குகிறது. இதுவரை நமக்கே தெரியும். அதற்கப்புறம்தான் அதிசயம். சேதி போய்ச் சேர்ந்த நொடியே அதைத் துடைத்தாக வேண்டும். துடைக்காவிட்டால் தசை 'மடங்கு, மடங்கு' என்று அதையே கேட்டுக்கொண்டிருக்கும். துடைப்பதற்கென்றே உடம்பில் ஓர் என்சைம் இருக்கிறது. ஓய்வே இல்லாத வேலைக்காரி. நான் இதை டைப் அடிக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும், நீங்கள் வாசிக்கும்போது நடக்கும் ஒவ்வொரு கண்ணசைவுக்கும், வந்த சேதியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். ஒரு நாளாவது அவளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோமா?

சிலவகைப் பூச்சி மருந்துகள் குறி வைப்பது இவளைத்தான். புழுவின் உடம்பில் இருக்கும் அந்தத் துடைக்கும் சரக்கை அவை கட்டிப்போட்டுவிடும். புழு நடுங்கியே சாகும். ஆனால் பாருங்கள், புழுவுக்கும் அதே சேதி, அதே என்சைம்தான். செடியில் ஊரும் புழுவுக்கும், ஆளுயர மாலை கட்டும் சரோஜா அக்காவுக்கும், உங்களுக்கும், எனக்கும் உள்ளே ஓடுவது ஒரே ஏற்பாடு! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பயத்திலா, பிரமிப்பிலா? இரண்டும்தான்.

மருந்து பூவோடு வந்தது. ஈரத் தோல் வழியாகக் கொஞ்சம், சோறு பிசைந்த விரல் வழியாகக் கொஞ்சம், தினமும் போயிருக்கிறது. கண்ணீர், மூக்கு, வேர்வை, நடுக்கம் எல்லாம் துடைக்க ஆளில்லாமல் தேங்கிப்போன சேதிகள்.

"அவங்க தீட்டுன்னு வீட்ல இருந்தாங்களே, அதான்டி எனக்குப் பெரிய சாட்சி" என்றாள் எஸ்தர். "பூ இல்ல, நடுக்கம் இல்ல. பூ வந்துச்சு, நடுக்கம் வந்துச்சு."

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "அப்ப அம்மனுக்கு எம்மேல கோவம் இல்லையா டாக்டர்?"

மெதடிஸ்ட் எஸ்தர் நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு அக்காவின் ஆடும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கோவம் எல்லாம் இல்லக்கா. மருந்துக்குத்தான் பூச்சி யாரு, அக்கா யாருன்னு தெரியல."

இப்போது அக்கா அழுதார். இந்த முறை எனக்குச் சந்தேகமே வரவில்லை.

கொஞ்ச வாரங்களுக்குப் பூ பக்கமே போகக் கூடாது. திரும்ப வரும்போது பூவை நன்றாக அலச வேண்டும், கையுறை போட வேண்டும், சாப்பிடும் முன் சோப்பு. கையுறை என்றதும் அக்கா முகம் சுளித்தார். "கறிக்கடை மாதிரியா?" அப்புறம் ஏதோ கணக்குப் போட்டவர், "அப்ப என் வேர்வை பூ மேல படாதுல்ல?" என்றார். படாது என்றோம். "அப்பச் சரி." அக்காவைக் காப்பாற்ற எஸ்தர் சொன்ன கையுறையை, அம்மனைக் காப்பாற்ற அக்கா ஏற்றுக்கொண்டார்.

பழக்க தோஷத்தில் எஸ்தர் எம்.சி. எழுதத் தொடங்கினாள். நோய் விடுப்புச் சீட்டு. இங்கே அது இல்லாமல் எந்த முதலாளி லீவு தருவார்?

"யார்கிட்ட குடுக்கறது டாக்டர்? எனக்கு முதலாளியே கிடையாதே."

பேனா நின்றது. அக்காவே தடுத்தார். "இல்ல… எழுதிக் குடுங்க. ஒருத்தவங்க இருக்காங்க."

அந்த வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். அர்ச்சனைத் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை. மேலே கிளினிக் முத்திரையோடு எம்.சி. குருக்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது?"

"லீவு லெட்டர் சாமி. கொஞ்ச வாரத்துக்கு மாலை கொண்டாற முடியாது."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உள்ளே கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்து, தீபம் காட்டி, ஓரத்தில் குங்குமம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். லீவு சாங்ஷன்!

கடையை அக்காவின் தங்கை பார்த்துக்கொண்டார். கையுறையோடுதான். எஸ்தர் வேறு எந்த மருந்தும் தரவில்லை. வாரங்கள் போனதும் மறுபடி ரத்தம் எடுத்தாள். அந்தச் சரக்கு ஏறியிருந்தது. யார் செய்து கொடுத்தது? உடம்பேதான். கட்டுண்டு போனவளை ஒதுக்கிவிட்டு, புதிதாக ஒருத்தியைச் செய்து வேலைக்கு வைத்துக்கொண்டது. யாரிடமும் சொல்லாமல், யாரையும் கேட்காமல். பூச்சி மருந்தைக் கண்டுபிடித்த மூளையும் இதே உடம்பில்தான் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

(கை நடுங்குகிறவர்கள் எல்லாரும் பூக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம். டாக்டரிடம் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.)

போன வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். நீலக் கையுறைக்குள் பத்து விரலும் பறந்துகொண்டிருந்தன. முடித்த மாலையை என்னிடம் நீட்டி, "இழுத்துப் பாருங்கம்மா" என்றார்.

இழுத்தேன். ஒரு பூ நழுவவில்லை.

"இப்பப் போய்க் கையக் கழுவுங்க!" என்று ஒரு சத்தம். சுவரோரம் தண்ணீர் வாளி, சோப்பு. அதற்கு மேலே அம்மன் படம். பக்கத்தில், குங்குமப் பொட்டோடு பிளாஸ்டிக் உறை போட்ட அந்த எம்.சி.

"இன்னுமாக்கா இத வச்சிருக்கீங்க?"

"பின்ன? ஆனா ஒண்ணும்மா, டாக்டர் ரெண்டாவதாத்தான் லீவு குடுத்தாங்க. மொத லீவு, அந்தத் தீட்டு நாள்ல, கடையத் தொறக்க விடாம உக்கார வச்சது யாரு?"

அதாவது, எம்.சி. எழுதியது அம்மன். எஸ்தர் போட்டது வெறும் முத்திரை!